தன்னைத் தாக்கும் உடல்

மலருக்கு யாதேனும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது வழமைபோல் இலக்கியக் கட்டுரையொன்றே நினைவுக்கு வந்தது. ஆயின் இவ்வாண்டு என் மனத்தை நிறைத்திருந்தது பிறிதொரு பொருள். என் தமக்கையார் நான்கு ஆண்டுகளாகச் சோர்வாலும் உடல் ஊதுதலாலும் மயிர் உதிர்தலாலும் வருந்தினார். சோம்பல் என்றனர் சுற்றத்தார்; யானும் ஒருமுறை அவ்வாறு சொன்னதுண்டு. சத்துக் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பிற்று ஒரு வைத்தியசாலை. இறுதியில், இக்கல்லூரியிற் கற்று இன்று மருத்துவராய் விளங்கும் மாணவர் ஒருவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக் குருதிச் சோதனை செய்வித்தார். "ஐயா, அக்காவின் உடலே அவரது தைரொயிட்டுச் சுரப்பியை அழிக்கின்றது" என்றார். அச்சோதனை எங்ஙனம் தோன்றிற்று என வினவினேன். அவர் கூறியதும், பின்னர் யான் தேடிப் படித்ததுமே ஈண்டுத் தரப்படுவன.

நோய்க்கிருமி உட்புகின், அதனை எதிர்க்கும் புரதங்களை உடல் ஆக்குகின்றது. அவற்றுக்கு நம் விஞ்ஞானத் தமிழ் இட்ட பெயர் பிறபொருளெதிரி. பிற பொருளுக்கு எதிரி. எத்துணைத் தெளிவான சொல்! ஆயின் அவ்வெதிரி தன் பொருளையே தாக்கப் புகுமாயின் யாது பெயரிடுவது? பெயரிடுதல் இருக்கட்டும், அவ்வாறு நிகழக்கூடும் என்பதையே நெடுங்காலம் அறிஞர் ஏற்றிலர். ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக், உடல் தன்னைத் தாக்க அஞ்சும் என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரைத்தார். தீங்கு விளையாது உடல் காத்துக்கொள்ளும் என்பதே அவர் கருத்து. பின்வந்தோர் அதனை, அது நிகழவே மாட்டாது என்னும் விதியாக்கிவிட்டனர். ஆசான் சொல்லை மாணவர் இறுக்கிப் பிடித்தலால் விளையும் கேடு எம் இலக்கண உலகிற்கும் புதிதன்று.

1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் வீங்கிய தைரொயிட்டுச் சுரப்பிகளில் நிணநீர்க் கலங்கள் செறிந்திருத்தலைக் கண்டு எழுதினார். காரணம் எவர்க்கும் புலப்படவில்லை. அவர் 1934இல் காலமானார். அவர் கட்டுரை வெளிவந்த அதே 1912இற் பிறந்தவர் டெபோரா டோனியாக் அம்மையார். மணம் புரிந்து, மக்களைப் பெற்ற பின்னரே, 1945இல் மருத்துவரானார். இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் தைரொயிட்டு நோயாளரைப் பார்த்துவந்த அவர், ஹஷிமோட்டோ நோயுற்றோரின் குருதியிற் குளொபியுலின் என்னும் புரதவகை மிகுந்திருத்தலையும், சுரப்பியை அறுத்து நீக்கியபின் அது குறைதலையும் கவனித்தார். சுரப்பி போக எதிரியும் குறைவானேன்? எதிரியைத் தூண்டியது அச்சுரப்பியே போலும் என்னும் எண்ணம் எழுந்தது. உயிரிரசாயனர் ஐவன் ரொயிற், பீற்றர் கம்பெல் இருவரும் அவருடன் சேர்ந்தனர்.

சோதனை மிக எளிது. கூழ்போன்ற ஊடகத்தில் ஒருபுறம் நோயாளியின் குருதித் தெளிநீர். மறுபுறம் மனிதத் தைரொயிட்டுச் சுரப்பியின் சாறு. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி ஊர்ந்து சந்தித்த இடத்தில் வெண்கோடு ஒன்று தோன்றிற்று. அக்கோடே சான்று. 1956இல் 'லான்செற்' இதழில் அது வெளியாயிற்று.

அதே காலத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ் என்னும் இளைஞர், முயலின் தைரொயிட்டுப் புரதத்தை முயலுக்கே ஊசியேற்றி அத்தகைய எதிரிகளைக் கண்டார். அவர் ஆசான் ஏர்னெஸ்ற் விற்றெப்ஸ்கி, ஏர்லிக்கின் வழிவந்த மரபினர். ஆதலால் எளிதில் நம்பினாரல்லர். ஐயந் தீருமட்டும் மீண்டும் மீண்டும் செய்வித்தார். மாணவன் கண்டது தம் பரம்பரையின் கொள்கைக்கே மாறாயிருந்தும், ஈற்றில் அதனை ஏற்றுத் தம் பெயரையும் அதனோடு சேர்த்தார். இலண்டன் கதையினும் இதுவே என்னை மிகத் தொட்டது.

மிடில்செக்ஸ் குழு ஒரு நோயோடு நின்றிலது. நோயாளரைப் பார்ப்போரும், சுரப்பியை அறுப்போரும், புரதத்தைப் பிரிப்போரும் கூடினாலன்றி நடவாத வேலை அது. ஈரல் நோயில் வல்ல ஷீலா ஷேர்லொக் அம்மையாருடன் இணைந்து, ஒருவகை ஈரல் நோயாளரிடம் கலத்தின் இழைமணிகளைத் தாக்கும் எதிரிகளை 1965இல் அறிவித்தனர். இத்தாலியிலிருந்து வந்த பொற்றாற்சோ என்னும் இளைஞரோடு, சதையியின் இன்சுலின் சுரக்கும் பகுதியைத் தாக்கும் எதிரிகளை நீரிழிவுற்றோர் சிலரிடம் 1974இற் கண்டனர். சிறுவரைப் பற்றும் நீரிழிவு பெரும்பாலும் இவ்வினத்ததே என்பது இன்று பாடநூற் செய்தி. அம்மையார் 2004இற் காலமானார். அவ்வைத்தியசாலை மறு ஆண்டில் மூடப்பட்டது.

அழிந்த சுரப்பியை மீட்க இன்றும் மருந்தில்லை. அது சுரக்க வேண்டியதைக் குளிசையாக உட்கொள்ளலாம். தமக்கையார் நாடோறும் வெறுவயிற்றில் ஒன்று விழுங்கி, அரைமணி கழித்தே தேநீர் அருந்துகின்றார். சென்ற தைப்பொங்கலன்று எனக்கு முன்னரே எழுந்து முற்றத்தை மெழுகி முடித்திருந்தார். யான் முன்னர் சொன்ன சொல்லை அவர் நினைவூட்டவில்லை.