உயர்மதிப்பு மின்தடையங்கள்

உயர்மதிப்பு மின்தடையங்கள் என்பவை மெகா ஓம் (10 இலட்சம் ஓம்) அளவில் தொடங்கி கிகா ஓம் (100 கோடி ஓம்), டெரா ஓம் (இலட்சம் கோடி ஓம்) வரை மின்தடை கொண்ட மின்னணு உறுப்புகள் ஆகும். மிக நுண்ணிய மின்னோட்டங்களையும் உயர் மின்னழுத்தங்களையும் அளக்க இவை பயன்படுகின்றன. 10 கிகா ஓம் மின்தடையத்திற்கு 1 வோல்ட் கொடுத்தால் 100 பிக்கோ ஆம்பியர் மின்னோட்டமே பாயும். எனவே சாதாரண மின்தடையங்களில் புறக்கணிக்கத்தக்க கசிவும் இங்கே பெரும் பிழையாகிறது.

மேற்பரப்புக் கசிவு

தூசி, ஈரம், விரல் பட்ட இடத்தில் படியும் உப்பு ஆகியவை மின்தடையத்தின் மேற்பரப்பில் இன்னொரு மின்பாதையை உண்டாக்குகின்றன. இது பக்க இணைப்பில் உள்ள மின்தடையாகச் செயல்படும். 10 கிகா ஓம் மின்தடையத்தின் மேல் 100 கிகா ஓம் கசிவுப் பாதை இருந்தால்,

(10 × 100) ÷ (10 + 100) = 9.09 கிகா ஓம்

அதாவது மதிப்பு சுமார் 9 விழுக்காடு குறைகிறது. மின்தடையத்தின் துல்லியம் 1 விழுக்காடு என்று குறிக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை. ஆகவே இவற்றில் பல கண்ணாடிக் குழாயில் அடைக்கப்படுகின்றன. உடற்பகுதியை விரலால் தொடக்கூடாது. முனைக் கம்பிகளைப் பிடித்தே கையாள வேண்டும்.

பிற காரணிகள்

வெப்பநிலை, கொடுக்கப்படும் மின்னழுத்தம், காலப்போக்கு ஆகிய மூன்றாலும் மதிப்பு மாறும். மேலும் 100 கிகா ஓம் மின்தடையமும் 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்குத்திறனும் சேர்ந்தால் கால மாறிலி 10 நொடி ஆகும். அளவீடு நிலைபெற அதைப்போல 5 மடங்கு, அதாவது 50 நொடி, காத்திருக்க வேண்டும்.

அளவியின் தாக்கம்

இரண்டு 10 மெகா ஓம் மின்தடையங்களைத் தொடரிணைப்பில் 9 வோல்ட் மின்கலத்துடன் இணைத்தால் ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ட் இருக்கும். ஆனால் 10 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட மல்டிமீட்டர் 3 வோல்ட் என்றே காட்டும். அளவியின் மின்தடை பக்க இணைப்பாகச் சேர்ந்து 10 மெகா ஓமை 5 மெகா ஓமாக்கிவிடுவதே காரணம்.

ஹாமன் முறை

ஆஸ்திரேலியாவின் ஹாமன் 1954-இல் விளக்கிய முறை, குறைந்த மின்தடையிலிருந்து உயர்மதிப்பைத் துல்லியமாகப் பெற உதவுகிறது. ஏறத்தாழச் சமமான 10 மின்தடையங்களைப் பக்க இணைப்பில் வைத்து, மதிப்பு அறிந்த மின்தடையுடன் ஒப்பிடுவர். பின் அவற்றையே தொடரிணைப்புக்கு மாற்றினால் 100 மடங்கு மதிப்பு கிடைக்கும். ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலும், இந்த 100 மடங்கு விகிதத்தில் பிழை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆனால் இங்கும் கசிவு நுழைந்தால் இந்தத் துல்லியம் கிடைக்காது.