பைக்கில் கூடுதல் விளக்கு: நமக்கு வெளிச்சம், எதிரே வருபவருக்கு?



நம் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு இரவில்தான் வேலை. மணலி தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட், விடியும் முன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போவது, உணவு டெலிவரி என்று எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் போய் வருகிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே ஓரமாக நிற்கும். பின் விளக்கு எரியாத டிரெய்லர், கிட்டே போகும் வரை கண்ணில் படாது. அதனால் "இரண்டு எல்.இ.டி. ஸ்பாட் லைட் மாட்டிக்கொள்" என்று பெற்றோரே பணம் கொடுக்கிறோம். கவலை நியாயமானது. ஆனால் மாட்டும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111ஆம் விதி, பதிவு அதிகாரியின் சிறப்பு அனுமதி இல்லாமல் எந்த வண்டியின் முன்பக்கத்திலும் ஸ்பாட் லைட் வைக்கக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் செய்தால், 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தண்டனை வண்டியின் உரிமையாளருக்கு. ஆர்.சி. புத்தகம் அத்தா பெயரில் இருந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடையில் தாராளமாக விற்கிறார்கள் என்பதால் அது அனுமதி ஆகிவிடாது.

இரண்டாவது, எதிரே வருபவர். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. கண் கூசி மூன்று நொடி பார்வை மங்கினால், 33 மீட்டர் தூரம் அவர் பார்க்காமலே ஓட்டுகிறார். அவர் லாரி ஓட்டுநராக இருந்தால், அந்த மூன்று நொடியில் அவர் கண்ணுக்குத் தப்புவது நம் பிள்ளையாகவே இருக்கலாம். வயதானவர்களுக்குப் பார்வை தெளிய இன்னும் நேரமாகும். ஃபஜ்ருக்கு நடந்து வரும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, வண்டி. இரண்டு விளக்கும் சேர்ந்து 40 வாட் என்றால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல பைக்குகளில் ஹெட்லைட்டே 35 வாட்தான். ஃபியூஸ், ரிலே எதுவும் இல்லாமல் ஹாரன் ஒயரில் ஒட்டுப் போட்டால் ஒயர் சூடாகி உருகும். நம் கடற்கரை உப்புக் காற்றில் ஒட்டுகள் சீக்கிரம் அரித்துப் போகும். ஒயர் போவதோ பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

அப்படியானால் இருட்டுக்கு என்ன வழி? இருக்கும் ஹெட்லைட்டைச் சரி செய்வதே முதல் வழி.

• கண்ணாடியைத் துடையுங்கள். மஞ்சளாக மங்கியிருந்தால் மாற்றுங்கள்.
• கம்பெனி சொன்ன வாட் அளவிலேயே பல்பு போடுங்கள். ஹாலஜன் ஹெட்லைட்டில் கண்ட எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறும்.
• சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, வழக்கமாக ஓட்டுபவர் உட்கார்ந்தபடி டிம் லைட் போட்டுப் பாருங்கள். சுவரில் விழும் ஒளியின் மேல் விளிம்பு, ஹெட்லைட்டின் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் ஒளி மேலே தூக்கும்.
• எதிரே வண்டி வந்தால் டிம் செய்யுங்கள்.
• பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் போங்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பிறர் கண்ணைக் கூச வைக்கும் விளக்கும் பாதையில் நாம் வைக்கும் தொல்லைதான். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இந்த வாரமே கழற்றிவிடுவோம். இரவில் வெளியே போகும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.