வல்லாரை: வெயிலில் குட்டை, நிழலில் நெட்டை... ஏன்?

தேக்கா சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் வல்லாரையைப் பார்த்திருப்பீங்க. மலாய்க்காரர்கள் 'பெகாகா' என்று சொல்லி உலாமில் சேர்ப்பதும் இதைத்தான்.

கடையில் வாங்கும் கட்டில் இலை பெரிசு, காம்பு நீளம். வீவக புளோக்கின் கீழே புல்தரையில் முளைத்திருப்பதோ 50 காசு நாணயம் அளவுதான் இருக்கும்.

"அது வேற ஜாதி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் ஒரே செடிதான்.

காம்பு ஏன் நீள்கிறது?

வல்லாரையின் தண்டு தரையோடு படர்வது. அதனால் நிமிர முடியாது. உயர வேண்டுமென்றால் இலைக்காம்பை நீட்டுவதுதான் ஒரே வழி.

மேலே மரமோ உயரமான புல்லோ இருந்தால், அந்த இலைகள் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளிதான் அதிகம் கீழே வரும். இந்த விகித மாற்றத்தை, செடிக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற புரதம் உணர்கிறது. 'தலைக்கு மேல ஆள் இருக்கு' என்ற தகவல் செடிக்குப் போய்விடும்.

உடனே காம்பு நீள்கிறது. இலை அகலமாகி, மெலிகிறது. கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடிக்கத்தான்!

வெயிலில் வேறு கவலை

திறந்தவெளியில் ஒளிக்குப் பஞ்சமில்லை, நீர் இழப்புதான் பிரச்சினை. அதனால் இலை சிறுத்து, தடிக்கிறது. உள்ளே ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரணுக்கள் நெருக்கமாக அடுக்கப்படுகின்றன.

புல்வெட்டும் இயந்திரம் வந்தாலும் இலைதான் போகும். தண்டு மண்ணை ஒட்டிக் கிடப்பதாலும் ஒவ்வொரு கணுவிலும் தனி வேர் இருப்பதாலும் மறுபடி துளிர்க்கும்.

இதில் மரபணு மாறுவதில்லை. நிழலில் வளர்ந்த செடியை வெயிலுக்கு மாற்றிப் பாருங்க. பழைய இலை அப்படியே இருக்கும், புதிதாக வரும் இலைதான் குட்டையாக வரும்.

பெரிய இலை என்றால் நல்ல இலையா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இலையின் அளவு, செடிக்குக் கிடைத்த ஒளியையும் ஈரத்தையும் காட்டும். மண் சுத்தமா என்பதைக் காட்டாது.

வல்லாரை மண்ணிலிருந்து ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களை உறிஞ்சக்கூடியது. மலேசிய ஆய்வாளர்கள் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கால்வாய் ஓரம், சாலையோரம் பறித்ததை எத்தனை முறை கழுவினாலும் இலைக்குள் போனது வெளியே வராது. சிங்கப்பூரில் பூங்காக்களில் அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றமும்கூட.

இன்னொன்று: குளத்தோரம் அழகுக்காக வளர்க்கும் ஒரு செடியையும் வல்லாரை என்று நினைப்பவர்கள் உண்டு. அளவை வைத்து முடிவு செய்யாதீங்க, காம்பைப் பாருங்க. வல்லாரையில் அது இலை ஓரத்தின் பிளவில் சேரும். அந்தச் செடியில் குடைக்கம்பி மாதிரி இலையின் நடுவில் சேரும்.

வீட்டிலேயே வளர்க்க, கடையில் வாங்கிய கட்டில் வேரோடு ஒரு கணு இருந்தாலே போதும். தொட்டி மண் மட்டும் காயக்கூடாது. தாழ்வாரத்தில் காலை வெயில் பட்டால் இலை சின்னதாகத்தான் வரும், கவலைப்படாதீங்க.