தொழுநோயும் தவறான முகவரியும்

எனது உறவினர் ஒருவரின் முதுகில் தேமல் போன்ற வெளிறிய அடையாளம் ஒன்று இருந்தது. அரிப்பில்லை, வலியில்லை. இரண்டு வருடங்கள் களிம்பு பூசினார். சின்ன விரல் மடங்கத் தொடங்கிய பிறகே கிளினிக்குக்குப் போனார். தொழுநோய் என்றார்கள். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பயத்தில், கொழும்பில் தங்கியிருந்த வாடகை வீட்டை மறைத்து ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டார்.

அந்த முகவரி எதற்கென்று நம்மில் பலருக்குத் தெரியாது. நோயாளியின் விபரம் அவர் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். கூட இருப்பவர்களையும் பரிசோதனைக்கு உட்படுத்துவார்கள். ஏனெனில் இந்நோய், மருந்தெடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி வாழ்பவர்களுக்கே அதிகம் தொற்றுகிறது. எங்கள் விடயத்தில் ஊர் வீடு பூட்டிக் கிடந்தது. கொழும்பு வீட்டிலிருந்த ஐந்து பேரையும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த வருடம் இளைய மகனின் கையிலும் அதே அடையாளம்.

இலங்கை 1995இல் தொழுநோயை 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்தது. அதை "ஒழிந்துவிட்டது" என்று விளங்கிக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிய நோயாளிகள் இனங்காணப்படுகிறார்கள். அவர்களில் பெரும் பங்கு மேல் மாகாணத்தைச் சேர்ந்தது. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய சராசரியாக 5 வருடங்கள், சிலருக்கு 20 வருடங்கள்கூட ஆகலாம். நகரத்தில் அதற்குள் எத்தனை வாடகை வீடுகள் மாறிவிடுகிறோம்!

எண்ணிக்கை குறைந்தால் நோய் குறைந்ததாகவும் அர்த்தமில்லை. 2019இல் உலகில் 2 இலட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளிகள் பதிவானார்கள். கொவிட் வந்த 2020இல் அது சுமார் 1 இலட்சத்து 27 ஆயிரமாக இறங்கியது. நோய் ஓடிவிடவில்லை, தேடுவதுதான் குறைந்தது. ஆகவே வேறு இரண்டு விடயங்களையும் பார்க்க வேண்டும். புதிய நோயாளிகளில் சிறுவர்கள் இருந்தால், தொற்று இன்னும் பரவுகிறது. கண்டுபிடிக்கும்போதே கை, கால் பாதிக்கப்பட்டிருந்தால், நாம் தாமதமாகப் போயிருக்கிறோம். எங்கள் ஒரே குடும்பத்தில் இரண்டுமே இருந்தன.

சிகிச்சை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் மாத்திரை எடுக்க வேண்டும். மருந்து ஆரம்பித்த சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். அவரை ஒதுக்கி வைக்கவோ, தட்டையும் கோப்பையையும் வேறாக்கவோ தேவையில்லை. மகனுக்கு இப்போது முழுமையாகச் சுகம். அவரது விரல் மட்டும் நிமிரவில்லை.

உணர்ச்சி குறைந்த வெளிறிய அல்லது சிவந்த அடையாளம் உங்களில் எவருக்காவது இருந்தால், அரச வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்கில் காட்டுங்கள். முகவரி கேட்டால், இப்போது வசிக்கும் வீட்டு முகவரியையே கொடுங்கள். அது உங்களைக் காட்டிக்கொடுப்பதற்கல்ல, உங்கள் பிள்ளைகளைத் தேடி வருவதற்கு.