சூடானதும் நிற்கும் லாரி

கோலார் தங்கவயலில் இருந்து பேத்தமங்கலம், வி.கோட்டை, பேர்ணாம்பட்டு வழியாகக் குடியாத்தத்துக்குச் சாலை போகிறது. வி.கோட்டைக்கும் பேர்ணாம்பட்டுக்கும் நடுவில் மலைப்பாதை. போகும்போது இறக்கம். திரும்பி வரும்போது ஏற்றம்.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல் மக்கள் பலர் வெளியூர் வேலையை நம்பி வாழ்கிறார்கள். தினமும் ரயில் ஏறிப் பெங்களூர் போகிறவர்கள் அநேகம். லாரி ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு.

ஒரு பழைய டீசல் லாரியை எடுத்துக்கொள்வோம். காலையில் சாவி திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. குடியாத்தம் வரை ஒரு குறையும் இல்லை. அங்கே சிமெண்டு மூட்டை ஏற்றித் திரும்புகிறது. மலை ஏறும்போது இழுவை குறைகிறது. பிறகு நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கிறது.

"இன்ஜின் சூடாகிறது, அதனால் நிற்கிறது" என்றுதான் டிரைவர் நினைப்பார். சில ஒர்க்‌ஷாப்பில் உடனே "பம்பை இறக்கணும்" என்பார்கள். அது ஆயிரக்கணக்கில் செலவு. வண்டிக்கு மாதத் தவணை வேறு கட்ட வேண்டும். சிமெண்டாவது ஒரு நாள் காத்திருக்கும். கோலார் தக்காளி லோடு காத்திருக்குமா?

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். வண்டி ஓட ஓட இன்ஜின் சூடாகிறது. கூடவே நேரமும் ஆகிறது. டேங்க்கில் இருந்து டீசலும் போய்க்கொண்டே இருக்கிறது. அப்படியானால் வண்டி நிற்பதற்குச் சூடுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடும் முன் கேள்வி கேட்பார்.

"நிக்கறதுக்கு முன்னால இழுவை குறைஞ்சுதாண்ணே?"

"ஆமா தம்பி. எவ்வளவு மிதிச்சாலும் ஏறல. அப்புறம் ஆஃப் ஆயிடுச்சு."

"டெம்பரேச்சர் முள்ளு எங்க நின்னுச்சு?"

"நடுவுலதான்."

முள் நடுவில் இருந்தால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகவில்லை. இழுவை மெல்லக் குறைந்து நின்றால், பெரும்பாலும் டீசல் போதுமான அளவு வரவில்லை என்று பொருள். டீசல் இன்ஜினில் பிளக்கும் இல்லை, தீப்பொறியும் இல்லை. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். டீசல் குறைந்தால் பலம் குறையும். மேட்டில்தான் அதிக டீசல் வேண்டும். அதனால்தான் குறை மேட்டில் தெரிகிறது.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். வண்டி நின்ற அந்த நேரத்திலேயே டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். "உஸ்" என்று காற்று உள்ளே போகிறதா? எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் தாராளமாக வரும். டேங்க்கும் அப்படித்தான். டீசல் போன இடத்துக்குக் காற்று வரவேண்டும். காற்று வரும் சிறு துளை மண்ணால் அடைந்தால் டீசல் நின்றுவிடும். சுரங்கத்தில் உழைத்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃபில் காற்று இறங்க ஒரு வழி, ஏற ஒரு வழி வேண்டியிருந்தது.

மூடியில் குறை இல்லை என்றால் டேங்க்குக்குள் பார்க்க வேண்டும். நமது லாரியில் குறை அங்கேதான் இருந்தது. துடைக்கும் வேஸ்ட் நூல் கொஞ்சம் டேங்க்கில் விழுந்திருந்தது. டீசல் இழுக்கும் குழாயின் வாயில் அது மெல்ல மெல்லப் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நின்றால் இழுப்பும் நிற்கும். நூல் விலகிவிடும். கால் மணி நேர ரகசியம் இதுதான். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஃபில்டர் அடைப்பும் இதே குணம் காட்டும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசலோடு காற்றும் போகும். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டினால் குமிழி கண்ணுக்குத் தெரியும்.

சூட்டினால் வரும் குறையும் உண்டு. டீசல் சூடானால் நீர்த்துப் போகும். தேய்ந்த பம்பில் அது உள்ளேயே கசிந்துவிடும். சுற்றும் வகைப் பம்புகளில் இது அதிகம். சூடான வண்டியை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பார்க்கலாம். உடனே ஸ்டார்ட் ஆனால் பம்பின் மேல் சந்தேகப்படுவது நியாயம். இழுவை குறையாமல் சுவிட்ச் அணைத்தது போல் சட்டென்று நின்றால், டீசலை நிறுத்தும் மின்சார வால்வையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும்.

முள் சிவப்புக்குப் போனால் விஷயம் வேறு. தண்ணீர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் வால்வு என்று பார்க்க வேண்டும். ஆனால் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மலையில் நின்ற வண்டியை நியூட்ரலில் பின்னால் உருளவிடுவதும் ஆபத்து. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏறாது. பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் மற்ற வேலை.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 லாரிகளில் பம்பையும் நாசிலையும் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. சூடானதும் ஒரு சென்சார் வேலை செய்யாமல் போனாலும் வண்டி நிற்கலாம். டேஷ் போர்டில் விளக்கு எரியும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினால் ஒரு குறி எண் வரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு நோட்டில் எழுதி வைக்கலாம். பழைய வண்டி என்றால், எத்தனை கிலோமீட்டரில் நின்றது, முள் எங்கே இருந்தது, டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது, எத்தனை நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது என்று எழுதினால் போதும். அந்த நோட்டைக் காட்டினால் "பம்பை இறக்கு" என்று சொல்பவரும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார்.