கணினிப் பெட்டியும் அதன் சுவாசமும்

கணினி விளையாட்டுகளில் விருப்பங்கொண்ட மாணவர் பலர், அதற்குரிய யந்திரத்தின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளுதல் இக்காலத்து வழக்கமாயிருக்கின்றது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குச் சென்று வாங்குவோரும் உளர். 2017-ஆம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வரி ஒன்றேயாதலின், அத்திப்பள்ளியைக் கடப்பதனால் வரியில் இலாபமில்லை. பலவகைப் பொருள்களை ஒருங்கே காணலாமென்பதே பயன். அங்கே பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் நெடுநேரம் ஆராய்ந்து தெரிந்தெடுப்போர், அவற்றை அடைக்கும் கேபினெட்டை மட்டும் கண்ணாடியும் வண்ண விளக்கும் கண்டு நொடியில் முடிவுசெய்துவிடுகின்றனர். பெட்டி தவறாயின் மற்றவற்றிற்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு வீணேயாம்.

எங்ஙனமெனில், விளையாட்டின்போது பிராசசரும் கார்டும் சேர்ந்து 400 வாட் மின்சாரம் கொள்ளுதல் அரிதன்று. அஃது ஏறக்குறைய முழுதும் உஷ்ணமாகவே வெளிப்படும். இஸ்திரிப் பெட்டியொன்றின் உஷ்ணத்திற் பாதி என்னலாம். அது வெளியேற வழியில்லையேல் அவ்வுறுப்புகள் தம்மைக் காக்கும்பொருட்டுத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் பார்க்கத்தக்கது முன்முகம். முழுக்கண்ணாடியால் மூடி, ஓரங்களில் விரலளவு இடுக்கு மட்டும் விட்டிருப்பின், உள்ளே மூன்று விசிறிகள் இருந்தும் பயனில்லை. கம்பிவலை முகமே நன்று. அதனைச் சோதிக்க எளிய உபாயமுண்டு: ஒரே விளையாட்டை முன்மூடியுடன் அரைமணி நேரமும், மூடியைக் கழற்றி அரைமணி நேரமும் நடத்திக் கார்டின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. வேறுபாடு இரண்டு மூன்று டிகிரியாயின் பெட்டி நன்கு சுவாசிக்கின்றது, பத்தாயின் மூச்சுத்திணறுகின்றது. வாங்குமுன் அதே பெட்டியை வைத்திருக்கும் நண்பரிடம் இதனைச் செய்து பார்த்தல் உசிதம்.

ஓசூர் ஏறத்தாழ 2,900 அடி உயரத்திலுள்ளது. கிருஷ்ணகிரி அதனினும் ஆயிரம் அடிக்குமேல் தாழ்ந்து வெம்மை மிகுந்தது. எனினும் இரண்டிற்கும் பொதுவான பகை தூசியே. கருங்கல் குவாரிகளும், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓயாதோடும் லாரிகளும் அதனை வீட்டினுள் கொணர்கின்றன. ஓசூரை அடுத்த டாட்டா தொழிற்சாலையில் ஐபோனுக்கு உறை செய்கின்றார்கள். அவ்வுறைக்குள் தூசி புகாதிருக்க அதனை இறுக மூடிவிடலாம். நமது பெட்டியையோ அங்ஙனம் மூடவியலாது. காற்று எவ்வழியாகப் புகவேண்டுமென்று நாமே விதிக்கவேண்டும். உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளுவனவற்றினும் மிகுதியாயிருப்பின், இடுக்குகளின் வழியே காற்று வெளியேறுமேயன்றி உட்புகாது. தூசியும் வடிவலையிலேயே பெரும்பாலும் தங்கும். அவ்வலை திருகாணியின்றிக் கையாற் கழன்று வருகின்றதா என்று கடையிலேயே இழுத்துப் பார்க்க. கழற்றக் கடினமாயின் எவரும் கழுவார்.

அளவுகளில் ஏமாற்றமுண்டு. மதர்போர்டுக்குக் கவலையில்லை, 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி 305க்கு 244 மில்லிமீட்டர் பலகை எந்த மிட்-டவரிலும் அமையும். ஆனால் "360 மில்லிமீட்டர் கார்டு கொள்ளும்" என்பது பெரும்பாலும் முன்புறம் காலியாயிருக்கும்போது உள்ள கணக்கு. அங்கே 27 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் விசிறியும் வைப்பின், எஞ்சுவது 308 மட்டுமே. பெரிய கார்டுகள் சில அதனினும் நீளமானவை.

தகட்டின் கனத்தை அறியக் கருவி வேண்டா. பக்கமூடியைப் பெருவிரலால் அழுத்த, அது குழிந்தெழுந்தால் விசிறியின் அதிர்ச்சிக்கு அதுவும் சேர்ந்து பாடும். விளக்குகளைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லோம். பின்னர் வேண்டின் தனியே வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.