முடிச்சை எண்ணுவோர் கூலியையும் எண்ணட்டும்!

"இரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றனர்" என்று ஏடுகள் எழுதுகின்றன. வந்தவர் யார், வரவேற்றவர் யார், மாலை சூட்டியவர் யார், மேடையிலே முந்தி நின்றவர் யார் என்றெல்லாம் எழுதுகின்றன. காலடியிலே கிடந்ததே கம்பளம், அதை நெய்தவன் யார்? அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மிதித்து நடந்தவனுக்குப் புகழ். மிதிபட்டதைப் படைத்தவனுக்கு மௌனம்! அந்த மௌனத்தைச் சற்றே கலைத்துப் பார்ப்போம், தோழர்களே!

விரிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது பவானி ஜமக்காளம். திருமணப் பந்தலிலே விரிக்கிறோம், மாநாட்டுத் திடலிலே விரிக்கிறோம். பாவும் ஊடையும் பின்னிப் பிணைந்து பிறப்பது அது. இரத்தினக் கம்பளம் வேறு வகை. முடிச்சு முடிச்சாக வளர்வது. நிமிர்ந்து நிற்கும் தறியிலே பாவு நூல்கள் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெசவாளி அதன் முன்னே அமர்ந்து, இரண்டு பாவு நூல்களைப் பற்றி, சாயமேற்றிய கம்பளி இழையை அவற்றிலே சுற்றி, கீழே இழுத்து, கத்தியால் நறுக்குவான். அது ஒரு முடிச்சு. பக்கத்திலே இன்னொன்று. அதன் பக்கத்திலே மற்றொன்று. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை ஓட்டி, கனத்த சீப்பால் அடித்து இறுக்குவான். இழை இரண்டு பாவு நூல்களையும் சுற்றிக்கொண்டால் துருக்கி முடிச்சு. ஒன்றை மட்டும் சுற்றி, மற்றதன் பின்னே நுழைந்து வெளிவந்தால் பாரசீக முடிச்சு. காஷ்மீரத்திலே, எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைக் குறியீடுகளாகத் தாளில் எழுதி வைத்திருப்பார்கள். 'தாலிம்' என்று அதற்குப் பெயர். ஒருவர் படிப்பார், மற்றவர் விரல்கள் முடிச்சிடும். கம்பளத்திலே நாம் காணும் மலரெல்லாம் கணக்கிலே பூத்த மலர்!

இந்தக் கலை எவ்வளவு பழையது? சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியிலே, பசிரிக் என்னுமிடத்தில், பனியிலே உறைந்து கிடந்த கல்லறையிலிருந்து 1949இல் ருதென்கோ என்ற ஆய்வாளர் ஒரு கம்பளத்தைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 2,300 ஆண்டுப் பழமை! கல்லறைக்குள் புகுந்த நீர் பனிக்கட்டியாகி, கம்பளி மட்கிப் போகாமல் காத்தது. குதிரை வீரர் அணிவகுக்க, மான்கள் வரிசையாக நடக்க, நிறமும் மங்காமல் வெளிவந்தது. நீளமும் அகலமும் ஏறக்குறைய இரண்டிரண்டு மீட்டர்தான். அதற்குள்ளே 12 இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகள்! கல்லறையில் கிடந்தவனைத் தலைவன் என்கிறார்கள். முடிச்சிட்ட கைகள் எவருடையவை? சொல்லுவாரில்லை.

பெயர் பொறித்த கம்பளமும் உண்டு. பாரசீகத்தின் அர்தபீல் நகரத்து அடக்கத்தலத்துக்காக நெய்யப்பட்டு, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பது. ஹிஜ்ரி 946, அதாவது 1539–40 என ஆண்டு பொறித்தது. பத்து மீட்டருக்கு மேல் நீளம். இரண்டரைக் கோடியை எட்டும் முடிச்சுகள். நாளொன்றுக்கு ஆறாயிரம் முடிச்சு என்று கணக்கு வைத்தால்கூட, தனி ஒருவனுக்குப் பதினோர் ஆண்டுக்கு மேல் பிடிக்கும்! பலர் கூடித்தான் நெய்திருக்க வேண்டும். ஆனால் அதிலே இருக்கும் பெயர் ஒன்றே ஒன்று: மக்சூத் காஷானி. அவரும் தம்மை வாயிற்படியின் அடிமை என்றே குறித்துக்கொண்டார். அந்த ஒருவராவது பெயரோடு வாழ்கிறார். உடன் உழைத்தவர்கள்? 1893இல் 2,000 பவுனுக்கு அதை வாங்கினார்கள். பவுனுக்குக் கணக்கு இருக்கிறது, பாட்டாளிக்குக் கணக்கில்லை!

இந்தியாவிலே, அக்பர் ஆட்சியில் ஆக்ரா, பதேபூர், லாகூர் நகரங்களில் கம்பளத் தறிகள் அரசின் ஆதரவோடு பெருகின. வெள்ளையர் ஆட்சியிலே, 19ஆம் நூற்றாண்டில், ஆக்ரா, லாகூர் சிறைச்சாலைகளில் கைதிகளைத் தறி முன்னே அமர்த்தி நெய்ய வைத்தார்கள். மன்னனின் மண்டபத்துக்கு ஒரு காலம். மாளிகைச் சீமாட்டியின் கூடத்துக்கு மறு காலம். விரிக்கும் வீடு மாறிற்று. தறி முன்னே குனிந்த முதுகு நிமிர்ந்ததா?

இன்று நாட்டின் பெரிய கம்பள வட்டாரம் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர். பதோஹிக் கம்பளத்துக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி! ஆனால் அதே வட்டாரத்திலேதான், 1980களிலும் 90களிலும், பீகாரின் ஏழைக் குடிசைகளிலிருந்து, பெற்றோர் கையிலே முன்பணத்தைத் திணித்து, பிள்ளைகளைத் தறிக்குக் கொண்டு சேர்த்தனர் தரகர்கள். பலகை ஏந்த வேண்டிய கையிலே கத்தி! பள்ளி மணி கேட்க வேண்டிய காதிலே சீப்படிக்கும் ஓசை!

கேட்டால் என்ன சொன்னார்கள்? "சின்ன விரலால்தான் நுண்ணிய முடிச்சு வரும்" என்றார்கள். ஆகா, எவ்வளவு கனிவான விளக்கம்! விரலின் அளவைப் பேசினார்கள். கூலியின் அளவை மறைத்தார்கள். அந்தப் பொய்யை முடிச்சவிழ்த்துக் காட்டிற்று, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காக நடத்தப்பட்டு 1996இல் வெளிவந்த ஆய்வு. மிக நுண்ணிய முடிச்சுகளைப் பெரியவர்களும் நன்றாகவே இடுகிறார்கள் என்று கண்டது. பிள்ளைகளை வைத்து மிச்சம் பிடிக்கும் தொகையோ, வெளிநாட்டுக் கடையிலே கம்பளம் விற்கும் விலையில் மிகச் சிறு பங்கு என்றும் காட்டிற்று. அந்தச் சிறு பங்குக்காகவா ஒரு தலைமுறையின் எழுத்தறிவு?

சட்டம் இல்லையா? உண்டு. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1986இல் வந்த சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைக் கம்பள நெசவில் அமர்த்தக் கூடாது என்றது. கூடவே, குடும்பத்தார் துணையோடு நடக்கும் தறிக்கு விலக்கும் தந்தது. முன் வாசலை மூடிப் பின் வாசலைத் திறந்து வைத்த கதை!

எல்லைக்கு அப்பாலும் இதே துயரம். பாகிஸ்தானிலே, 600 ரூபாய்க் கடனுக்காக நான்கு வயதிலே தறியோடு பிணைக்கப்பட்டான் இக்பால் மசீஹ். தப்பினான், தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக ஊர் ஊராகப் பேசினான். 1995 ஏப்ரல் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது பன்னிரண்டு.

வழியே இல்லையா? இருக்கிறது. கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று உருவாக்கிய 'ரக்மார்க்' முத்திரை 1994இல் வந்தது. பின்னர் 'குட்வீவ்' என்று பெயர் மாறிற்று. சொல்லாமல் கொள்ளாமல் சென்று தறிகளைச் சோதிப்பது, பிள்ளை உழைப்பில்லாத கம்பளத்துக்கு எண்ணிட்ட முத்திரை தருவது என்பது அதன் முறை. வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போர் விடை சொல்லித்தான் ஆக வேண்டும்!

தோழர்களே! ஓர் அங்குலத்தில் எத்தனை முடிச்சு என்று எண்ணித்தான் கம்பளத்துக்கு விலை சொல்கிறார்கள். எண்ணட்டும், கலைக்கு அது பெருமை. அந்த முடிச்சுக்கு எத்தனை காசு கூலி என்பதையும் எண்ணட்டும். வளர்ந்தவன் வயிறாரக் கூலி பெற்றால், அவன் பிள்ளை பள்ளிக்குப் போகும். பிள்ளை பள்ளிக்குப் போனால், தறி பட்டுப் போகாது. தறியைப் பிடித்த பழிதான் பட்டுப் போகும். கம்பளத்தின் முடிச்சு இறுகட்டும். உழைப்பாளியின் கழுத்திலே விழுந்த கடன் முடிச்சு அறுபடட்டும்!